0/2/1/0 என்றால் எந்த ஸ்லாட்? யூனிக்ஸ் வன்பொருள் முகவரிகள்: கேள்வி-பதில்

எச்பி-யூஎக்ஸ் (எச்பியின் யூனிக்ஸ்) சர்வரில், வன்பொருளைப் பட்டியலிடும் ஐஓஸ்கேன் கட்டளை ஒரு டிஸ்க்கை 0/1/1/0.1.0 என்று காட்டுகிறது. அதே டிஸ்க்கின் பெயர் சி2டீ1டி0. இந்த 2 எங்கிருந்து வந்தது?

முகவரியை இடமிருந்து வலமாகப் படியுங்கள். சாய்கோடு உள்ள பகுதி போர்டிலிருந்து கார்டு வரை. செல் (செயலியும் நினைவகமும் உள்ள போர்டு) இல்லாத சிறிய சர்வர்களில் அது சிஸ்டம் பஸ் அடாப்டர், லோக்கல் பஸ் அடாப்டர், பிசிஐ டிவைஸ், ஃபங்ஷன் என்ற வரிசையில் வரும். செல் சர்வர்களில் முன்னால் செல் எண் ஒன்று கூடும். புள்ளிக்குப் பிறகு கேபிள் தொடங்குகிறது: டார்கெட் (கேபிளில் உள்ள சாதனம்) 1, லன் (அந்தச் சாதனம் தரும் டிஸ்க்கின் எண்) 0.

நீங்கள் தேடும் 2 இந்த முகவரியில் இல்லை. கார்டை முதன்முதலில் கண்டபோது கர்னல் கொடுத்த இன்ஸ்டன்ஸ் எண் அது. ஐஓகான்ஃபிக் கோப்பில் சேமிக்கப்பட்டிருக்கும். அதனால்தான் ஒரே மாடல் சர்வர் இரண்டில் ஒரே ஸ்லாட்டில் இருக்கும் கார்டு வேறு வேறு 'சி' எண் பெறுகிறது. பதிவேட்டில் சி2டீ1டி0 என்று மட்டும் எழுதிவைத்தால் பயனில்லை. வன்பொருள் பாதையையும் சேர்த்து எழுதுங்கள். ஹாட்-பிளக் ஸ்லாட் உள்ள மாடல்களில் 'ஓஎல்ராட் -க்யூ' ஸ்லாட்டையும் பாதையையும் ஒரே வரியில் காட்டும்.

சான் (ஸ்டோரேஜ் நெட்வொர்க்) சுவிட்சில் கேபிளை 19ஆம் போர்ட்டிலிருந்து 23க்கு மாற்றினோம். டிஸ்க்குகள் எல்லாம் 'நோ_எச்டபிள்யூ' (வன்பொருள் இல்லை) ஆகிவிட்டன. டேட்டா போய்விட்டதா?

போகவில்லை. முகவரிதான் மாறியிருக்கிறது. பழைய முறையில் ஃபைபர் சேனல் பாதை 0/2/1/0.1.19.0.0.1.3 போல இருக்கும். கார்டுக்கு அடுத்த மூன்று எண்கள் சுவிட்சின் டொமைன், ஏரியா, போர்ட். ஏரியா என்பது பெரும்பாலும் சுவிட்ச் போர்ட்டின் எண்ணேதான். ஸ்டோரேஜ் பக்கத்துக் கேபிளை நகர்த்தினால் 19 இருந்த இடத்தில் 23 வரும். கர்னலுக்கு அது புதிய பஸ், ஆகவே புதிய 'சி' எண்.

கடைசி மூன்று எண்கள் பஸ், டார்கெட், லன். ஸ்டோரேஜ் தரும் 14 பிட் லன் எண் 7, 4, 3 பிட்டுகளாக உடைக்கப்பட்டிருக்கிறது. 0.1.3 என்றால் 1×8+3, அதாவது லன் 11. ஸ்டோரேஜ் டீமிடம் "லன் 3" என்று சொல்லிவிடாதீர்கள். வேறு யாருடைய டிஸ்க்கையாவது எடுத்துவிடுவார்கள்.

கேபிளைப் பழைய போர்ட்டுக்கே மாற்ற முடியுமானால் அதுதான் மிக எளிய தீர்வு. முடியாவிட்டால் ஐஓஸ்கேன், பிறகு டிவைஸ் கோப்புகளை உருவாக்க 'இன்ஸ்எஃப் -இ'. மாற்றுப் பாதை வழியாக வால்யூம் குரூப் (எல்விஎம் என்ற வால்யூம் மேலாளர் ஒன்றாகச் சேர்த்த டிஸ்க்குகள்) இன்னும் ஓடுகிறது என்றால், புதிய பாதையை விஜிஎக்ஸ்டெண்டால் சேர்த்து, பழையதை விஜிரெட்யூஸால் நீக்குங்கள். ஒரே பாதைதான் இருந்தது என்றால் குரூப்பை நிறுத்தி, '-எஸ் -எம்' தெரிவுகளோடு மேப் கோப்பு எடுத்து விஜிஎக்ஸ்போர்ட், பிறகு விஜிஇம்போர்ட். விஜிஎக்ஸ்போர்ட் அந்த குரூப்பின் அடைவையே அழித்துவிடும். எனவே குரூப் கோப்பின் மைனர் எண்ணை முன்பே குறித்துவைத்து, மேஜர் 64உடன் எம்கேநோட் மூலம் திரும்ப உருவாக்குங்கள். டிஸ்க்கை எல்விஎம்முக்குப் புதிதாகத் தயாரிக்கும் பிவிகிரியேட் பக்கம் மட்டும் போகாதீர்கள்: டிஸ்க்கின் எல்விஎம் தலைப்பு அழிந்தால் உண்மையாகவே டேட்டா போகும்.

எச்பி-யூஎக்ஸ் 11ஐ வெர்ஷன் 3இல் டிஸ்க்கின் முகவரி 64000/0எக்ஸ்எஃப்ஏ00/0எக்ஸ்4 என்று வருகிறது. 64000ஆம் ஸ்லாட்டா?

அப்படி ஒரு ஸ்லாட் இல்லை. 2007இல் வந்த அந்த வெர்ஷன், டிஸ்க்கை அதன் இடத்தைக் கொண்டு அல்லாமல் உலகளாவிய அடையாள எண்ணைக் கொண்டு அறிகிறது. 64000 என்பது மெய்நிகர் வேர். உண்மையான பாதைகள் 'ஐஓஸ்கேன் -எம் லன்' வெளியீட்டில் ஒவ்வொரு டிஸ்க்கின் கீழும் இருக்கும்: கார்டு பாதை, ஸ்டோரேஜ் போர்ட்டின் டபிள்யூடபிள்யூஎன் (உலகளாவிய அடையாள எண்), லன். லன் பகுதி 0எக்ஸ்4001 என்று தொடங்கினால் பயப்பட வேண்டாம். முதல் இரண்டு பிட்டுகள் முகவரி முறையைச் சொல்பவை, மீதி லன் 1. போர்ட் மாற்றினாலும் டிஸ்க் பெயர் மாறாது என்பது இதன் லாபம். இதற்குப் பிறகும் பழைய பெயர்களையே பிடித்துக்கொண்டிருப்பது வீண் வேலை.

அதே வெர்ஷனில் பழுதான டிஸ்க்14ஐ மாற்றினோம். புதியது டிஸ்க்28 என்று வந்து நிற்கிறது.

அடையாள எண் புதிது, ஆகவே பெயரும் புதிது. கழற்றும் முன் லன் பாதையைக் குறித்துக்கொண்டு, எல்விஎம் அந்த டிஸ்க்கைத் தொடாமலிருக்க 'பிவிசேஞ்ச் -ஏ என்' கொடுத்திருக்க வேண்டும். இந்த என் பெரிய எழுத்து. மாட்டியபின் ஐஓஸ்கேன் ஓட்டி, அதே லன் பாதையில் வந்திருப்பது டிஸ்க்28தானா என்று பாருங்கள். பிறகு 'ஐஓ_ரீடைரக்ட்_டிஎஸ்எஃப்' கட்டளையில் -டிக்குப் பழைய டிஸ்க்14ஐயும் -என்னுக்குப் புதிய டிஸ்க்28ஐயும் கொடுங்கள். அடுத்து விஜிசிஎஃப்ஜிரீஸ்டோர், கடைசியாக 'பிவிசேஞ்ச் -ஏ ஒய்'. ஐட்டேனியம் சர்வரில் பூட் டிஸ்க் என்றால் விஜிசிஎஃப்ஜிரீஸ்டோருக்கு முன் ஐடிஸ்க்கால் பார்ட்டிஷன் போட வேண்டும்; பூட் கோப்புகளையும் எழுத வேண்டும்.

சோலாரிஸின் மெசேஜஸ் லாக்கில் எஸ்டி15இல் எரர். டிஸ்க்குகளைப் பட்டியலிடும் ஃபார்மட் கட்டளையில் எஸ்டி15 என்று எதுவுமே இல்லையே?

எச்சரிக்கை வரியையே மறுபடி படியுங்கள்; எஸ்டி15க்கு முன் /பிசிஐ@1சி,600000/ஸ்கசி@2/எஸ்டி@1,0 போல முழுப் பாதை இருக்கும். @ குறிக்குப் பின் டார்கெட் 1, லன் 0. ஃபார்மட் ஒவ்வொரு டிஸ்க்கின் கீழும் இதே பாதையைக் காட்டும், ஒப்பிட்டால் போதும். 15 என்பது பாத்_டு_இன்ஸ்ட் கோப்பில் உள்ள இன்ஸ்டன்ஸ் எண். டார்கெட்டோடு அதற்குத் தொடர்பில்லை. அந்தக் கோப்பைக் கையால் திருத்தாதீர்கள், பூட் ஆகாமல் போகலாம். செத்த இணைப்புகளைத் துடைக்க 'டெவ்எஃப்எஸ்ஏடிஎம் -சி' இருக்கிறது; இந்த சி பெரிய எழுத்து.

ஏஐஎக்ஸில் (ஐபிஎம்மின் யூனிக்ஸ்) எல்எஸ்சிஎஃப்ஜி கட்டளை காட்டும் முகவரியில் வி3-சி21 என்று வருகிறது. பெட்டியில் 21 ஸ்லாட்டே இல்லை.

'வி' வந்தாலே அது மெய்நிகர். வி3 என்பது எல்பார் (லாஜிக்கல் பார்ட்டிஷன்) எண், சி21 அதன் மெய்நிகர் ஸ்லாட். உண்மையான டிஸ்க்கைத் தேட விஐஓஎஸ்ஸில் (மெய்நிகர் ஐஓ சர்வர்) 'எல்எஸ்மேப் -ஆல்' ஓட்டி, கிளையன்ட் எண்ணையும் லன்னையும் பொருத்துங்கள். அங்கே கிளையன்ட் எண் பதினாறடிமானத்தில் இருக்கும்: எல்பார் 12 என்றால் 'சி'.

லினக்ஸில் பிசிஐ கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ 3பி:00.0 என்கிறது, நெட்வொர்க் கார்டு பெயரில் 59 இருக்கிறது. இரண்டும் ஒன்றா?

ஒன்றேதான். எல்எஸ்பிசிஐ பஸ் எண்ணைப் பதினாறடிமானத்தில் எழுதும், இஎன்பி59எஸ்0 போன்ற பெயர் தசமத்தில் எழுதும்; 3×16+11=59. பிரிட்ஜ் உள்ள கார்டு ஒன்றைப் புதிதாகச் செருகினால் பஸ் எண்கள் தள்ளிப்போய், இந்தப் பெயரும் மாறலாம். கார்டு சேர்க்கும் முன் எம்ஏசி முகவரிகளைக் குறித்துவையுங்கள்.