அப்பாவுக்கு மூளைக் கட்டி: மைக்ரோ ஆர்என்ஏ-21 ரத்தப் பரிசோதனை செய்து பார்க்கலாமா?

அப்பாவின் பயாப்சியில் கிளையோபிளாஸ்டோமா (வேகமாக வளரும் மூளைப் புற்றுநோய்) என்று வந்திருக்கிறது, ரத்தத்தில் மைக்ரோ ஆர்என்ஏ-21 அளவைப் பார்த்தால் நோய் எப்படிப் போகும் என்று தெரியுமாமே, செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம் என்பதுதான் என் பதில். நான் மருத்துவர் இல்லை. மூளைக் கட்டித் திசுக்களிலிருந்து ஆர்என்ஏ பிரித்தெடுக்கும் வேலையைச் சில ஆண்டுகள் செய்தவன்.

நீங்கள் படித்ததில் உண்மை இருக்கிறது. நம் டிஎன்ஏவில் புரதத்துக்கான குறிப்பு 2 விழுக்காட்டுக்கும் குறைவு. மற்ற இடங்களிலிருந்தும் ஏராளமான ஆர்என்ஏ உருவாகிறது, அது புரதமாக மாறாது. அதில் ஒரு வகைதான் சுமார் 22 எழுத்து நீளமுள்ள மைக்ரோ ஆர்என்ஏ. எந்தப் புரதம் எவ்வளவு உருவாகலாம் என்பதை அது அடக்கிவைக்கும். இதைக் கண்டுபிடித்த விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்குன் இருவருக்கும் 2024இல் நோபல் பரிசு கிடைத்தது. கிளையோபிளாஸ்டோமாவில் மைக்ரோ ஆர்என்ஏ-21 மிக அதிகம் என்பதும், ஆய்வகத்தில் அதைத் தடுத்தால் புற்றுச் செல்கள் மடிகின்றன என்பதும் 2005இலேயே தெரிந்துவிட்டது.

சிக்கல் ரத்தத்தில்தான். மைக்ரோ ஆர்என்ஏ-21 வேறு பல புற்றுநோய்களிலும் ஏறும், வெறும் அழற்சியிலும் ஏறும். அப்புறம், ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் கொஞ்சம் உடைந்தாலே போதும், அவற்றுக்குள் நிறைந்திருக்கும் மைக்ரோ ஆர்என்ஏ-16 வெளியே கொட்டிவிடும். பல ஆய்வுகளில் அதைத்தான் ஒப்பீட்டு அளவுகோலாக வைத்திருந்தார்கள். அளவுகோலே நீண்டுவிட்டால் அளந்தது எப்படிச் சரியாக இருக்கும்? சீரம் இளஞ்சிவப்பாகத் தெரிந்த குழாய்களை நானே எத்தனையோ முறை ஒதுக்கிவைத்திருக்கிறேன். நூறு பேரை இரண்டு குழுவாகப் பிரித்தால் வித்தியாசம் தெரியலாம். உங்கள் அப்பா ஒருவரின் எண்ணை வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது. எந்த அளவுக்கு மேல் போனால் ஆபத்து என்ற கோடே ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது.

குழந்தைகளுக்கு வரும் ஒரு மூளைக் கட்டி மட்டும் விதிவிலக்கு. 19ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு மைக்ரோ ஆர்என்ஏ கொத்து பெருகியிருப்பதை வைத்தே அந்தக் கட்டியை அடையாளம் காண்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டிலேயே அது இருக்கிறது. உங்கள் அப்பாவின் நோய் அது இல்லை.

அவருக்குக் கேட்க வேண்டியவை இரண்டு. ஒன்று, ஐடிஹெச் மரபணு மாற்றம். பெரியவர்களிடம் அது இருந்தால், 2021 வகைப்பாட்டின்படி நோயின் பெயரே மாறும், போக்கும் பொதுவாக மெதுவாக இருக்கும். இன்னொன்று, எம்ஜிஎம்டி மெத்திலேற்றம், அதாவது டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும் எம்ஜிஎம்டி மரபணுவை ஒரு வேதிக்குறி அடக்கிவைத்திருப்பது. 2005இல் வந்த ஆய்வில், கதிர்வீச்சோடு டெமோசோலோமைடு என்ற கீமோ மருந்தும் பெற்றவர்களில் இது இருந்தவர்களின் இடைநிலை ஆயுள் 21.7 மாதம், இல்லாதவர்களுக்கு 12.7 மாதம். பாதிப் பேர் அதைத் தாண்டியும் இருந்தார்கள் என்றுதான் இதற்குப் பொருள், கெடு தேதி என்று படிக்காதீர்கள்.

இரண்டுக்கும் பெரும்பாலும் பயாப்சியில் எடுத்து மெழுகில் பதித்துவைத்த அதே திசு (பாரஃபின் பிளாக்) போதும், திரும்ப அறுவை தேவைப்படாது. கையில் இருக்கும் அறிக்கையில் இந்த இரண்டு பெயரும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.