பக்கத்து வீட்டுப் பையனுக்கு இல்லாத மனசாட்சியா உங்களுக்கு?

கேள்வி: எனக்கு வயது 29. பாளையங்கோட்டைதான் சொந்த ஊர். சென்னையில் இருக்கும் மென்பொருள் நிறுவன வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறேன். அம்மா இறந்துவிட்டார். அப்பா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். சபையில் எல்லாருக்கும் அவர் 'சார்வாள்'. தினமும் இரவு எட்டரைக்கு வீட்டில் குடும்ப ஜெபம். சிறு வயதிலிருந்தே அதிகாரம் வாசிப்பது என் வேலை. சமீபமாக, பைபிள் எப்படி உருவானது என்று நிறையப் படித்தேன். மோசே எழுதியதாகச் சொல்லும் பைபிளின் ஐந்தாம் புத்தகமான உபாகமத்தில் மோசேயின் சாவே வருகிறது. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் நான்றுகொண்டு செத்தான் என்கிறது மத்தேயு. தலைகீழாக விழுந்து வயிறு வெடித்தது என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள். மாற்குவின் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள் மிகப் பழைய பிரதிகளில் இல்லை. மனிதர்கள் எழுதிய இதை 'தேவனுடைய வார்த்தை' என்று எப்படிச் சொல்வது? நம்பாததை வாசிப்பது வேஷம், இனி வாசிக்க மாட்டேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவர் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. வாசிப்புக்கு ஒன்றும் குறைவில்லை. கண் அழுத்த நோயால் அவருக்கு எழுத்து தெரியாது. போனில் ஆடியோ பைபிள் ஏற்றிக் கொடுத்திருக்கிறேன். பக்கத்து வீட்டில் எட்டாவது படிக்கும் பையனும் வந்து வாசித்துக் கொடுக்கிறான், அவர்கள் இந்துக்கள். அப்பாவுக்கு உண்மையை எப்படிப் புரியவைப்பது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, யூதாஸ் எப்படிச் செத்தான் என்பது கொஞ்சம் இருக்கட்டும். அந்தப் பக்கத்து வீட்டுப் பையனைப் பற்றி முதலில் பேசுவோம்.

கடிதத்தில் அவனுக்கு ஒரு வரிதான் ஒதுக்கியிருக்கிறீர்கள். அதுவும் 'குறைவில்லை' என்று கணக்குக் காட்டுவதற்காக. எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. எட்டாவது படிக்கிற பிள்ளை, விளையாட்டையோ டிவியையோ விட்டுவிட்டு வருகிறான். அவன் கிறிஸ்தவனும் இல்லை. பரிசுத்த ஆவி, மூலப் பிரதி, சுவிசேஷங்களுக்குள் முரண்பாடு, எதுவும் அவனுக்குத் தெரியாது. கண் தெரியாத தாத்தா கேட்கிறார், அவன் வாசிக்கிறான். 'நம்பாததை வாசிக்கிறோமே, வேஷம் ஆகிவிடாதா' என்று அவன் தவிக்கவில்லை. அந்த நேரத்தில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று கடிதத்தில் இல்லை. அடுத்த அறையில், காதில் ஹெட்போனோடு என்று நானே வைத்துக்கொள்கிறேன்.

இந்த மாதிரிக் கடிதம் எனக்குப் புதிதில்லை. எல்லா மதத்து வீடுகளிலிருந்தும் வருகிறது. அப்பாவுக்குத் திதி கொடுக்க மாட்டேன் என்கிற பிள்ளையும் எழுதுவார், அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப் போக மாட்டேன் என்கிற பெண்ணும் எழுதுவார். எல்லாருக்கும் உண்மையின் மேல் திடீரென்று ஒரு பற்று வந்திருக்கும். அந்தப் பற்றுக்கு முதல் செலவு என்னவென்று பார்த்தால், பெற்றவர்களுக்கு இவர்கள் செய்துவந்த ஏதோ ஒரு சின்ன வேலையாக இருக்கும். வேலையையோ சம்பளத்தையோ உண்மைக்காக விட்டேன் என்று ஒருவரும் எழுதியதில்லை.

கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நழுவுகிறேன் என்று நினைக்க வேண்டாம். சொல்கிறேன்.

'தேவனுடைய வார்த்தை' என்றதும் உங்கள் மனதில் இருப்பது டிக்டேஷன். கடவுள் மேலிருந்து சொன்னார், ஒருவர் உட்கார்ந்து எழுத்துப் பிசகாமல் எழுதிக்கொண்டார், ஆகவே ஒரு பிழை காட்டினால் மொத்தமும் சரிந்தது. நல்ல விசுவாசிகளிலும் பலர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அதனால் உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் புத்தகம் தன்னைப் பற்றி அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. லூக்கா தன் சுவிசேஷத்தைத் தொடங்கும்போதே, 'ஆதிமுதல் எல்லாவற்றையும் திட்டமாய் விசாரித்தறிந்த' பிறகு எழுதுவதாகச் சொல்கிறார். விசாரித்து எழுதுகிறவருக்கு யாரும் டிக்டேட் செய்யவில்லை. ஆதிச் சபைகளுக்கு நிருபங்கள், அதாவது கடிதங்கள், எழுதிய பவுலைப் பாருங்கள். கொரிந்து சபையில் தான் யாருக்கெல்லாம் ஞானஸ்நானம் கொடுத்தார் என்று எழுதிக்கொண்டே வருகிறார். ஸ்தேவான் வீட்டார் நினைவுக்கு வருகிறார்கள், அவர்களையும் சேர்க்கிறார், அப்புறம் வேறு யாருக்காவது கொடுத்தேனா என்று எனக்குத் தெரியாது என்கிறார். அதே நிருபத்தில் இன்னோரிடத்தில், இதைக் கர்த்தர் சொல்லவில்லை, நானே சொல்கிறேன் என்று பிரித்துக் காட்டுகிறார். துரோவாவில் விட்டுவந்த மேலங்கியை வரும்போது எடுத்துவா என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் கடைசியில், பவுல் சொல்லச் சொல்ல எழுதிய தெர்தியு தன் பங்குக்கு ஒரு வணக்கம் சேர்த்துவிடுகிறார். இத்தனை நூற்றாண்டாகப் படியெடுத்தவர்கள் யாரும் இதை வெட்டி எறியவில்லை. மனிதக் கை தெரிவதில் அவர்களுக்குக் கூச்சம் இருக்கவில்லை.

சபைகள் சொல்வதும் இதைத்தான். கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பரில் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏடு, எழுதியவர்கள் தங்கள் சொந்தத் திறமையோடு எழுதிய மெய்யான ஆசிரியர்கள் என்கிறது. நம் மீட்புக்காகக் கடவுள் எந்த உண்மையை எழுத்தில் வைக்க விரும்பினாரோ அதை வேதம் பிழையில்லாமல் போதிக்கிறது என்கிறது. வேதத்தில் பிழையே கிடையாது என்று அடித்துப் பேசுகிறவர்கள் 1978-ல் சிகாகோவில் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அதுகூட, எழுதியவர்களின் குணத்தையும் நடையையும் கடவுள் அழிக்கவில்லை, பயன்படுத்திக்கொண்டார் என்றுதான் சொல்கிறது. பிழையின்மையையும் மூலப் பிரதிகளுக்கே கண்டிப்பாக உரியதாக்குகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே பெரிய சண்டைகள் உண்டு. அதற்குள் போனால் பத்திரிகையின் மிச்சப் பக்கமும் போதாது.

எனக்குப் பிடித்தது ஸ்விஸ் இறையியலாளர் கார்ல் பார்ட் சொன்ன வரிசை. தேவனுடைய வார்த்தை என்றால் முதலில் கிறிஸ்து. அவருக்குச் சாட்சியாக எழுதப்பட்ட வேதம் அடுத்தது. அந்த வேதத்திலிருந்து சபையில் சொல்லப்படும் பிரசங்கம் மூன்றாவது. யோவான் சுவிசேஷம் ஆரம்பிப்பதே அப்படித்தான்: வார்த்தை மாம்சமாகி நமக்குள்ளே வாசம்பண்ணினார் என்கிறது. அச்சுப் புத்தகத்தைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. இந்த மனிதச் சாட்சிகள் வழியாகக் கடவுள் இன்றும் பேசுகிறார், கேட்கிறவனை அது தொடுகிறது என்பதுதான் 'தேவனுடைய வார்த்தை' என்ற சொல்லுக்குள் இருக்கும் நம்பிக்கை. நீங்கள் இதை ஏற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மறுப்பதானால் இதை மறுங்கள். அவர்கள் சொல்லாததை மறுத்துவிட்டு ஜெயித்துவிட்டதாக நினைக்காதீர்கள்.

உங்கள் மூன்று கண்டுபிடிப்புகளும் பழசு. மோசேயின் சாவை மோசே எழுதியிருப்பாரா என்று யூத ரபிகளே விவாதித்திருக்கிறார்கள். கடைசி எட்டு வசனங்களை யோசுவா எழுதினார் என்று, அந்த ரபிகளின் விவாதங்களைத் தொகுத்த தல்மூத்தில் ஒரு கருத்து இருக்கிறது. மாற்குவின் கடைசிப் பகுதி, நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் பிரதிகளில் இல்லை என்பது இறையியல் மாணவர்கள் எல்லாருக்கும் தெரியும். ஊரில் ஒருவன் கெட்டுச் செத்தால் மேலத்தெருவில் ஒரு விதமாகவும் கீழத்தெருவில் ஒரு விதமாகவும் சொல்வார்கள், செத்தது மட்டும் நிஜம். யூதாஸ் விஷயத்தை நான் அப்படித்தான் வாசிக்கிறேன். சிலர் இரண்டையும் ஒட்டவைத்து, கயிறு அறுந்து விழுந்தான் என்பார்கள். அந்த ஒட்டுவேலை எனக்குத் தேவைப்பட்டதில்லை.

நிஜமாகவே கஷ்டமான கேள்வியை நீங்கள் கேட்கவே இல்லை. 137-ஆம் சங்கீதத்தின் கடைசி வசனத்தை எடுத்துப் பாருங்கள். பாபிலோனின் குழந்தைகளைப் பிடித்துக் கல்லின் மேல் மோதுகிறவன் பாக்கியவான் என்று இருக்கும். இதைத் தேவனுடைய வார்த்தை என்று எப்படி வாசிப்பது? ஊரும் ஆலயமும் எரிந்து, சிறைப்பட்டுப் போனவர்களின் வெறி அது. கடவுளுக்கு முன்னால் அவர்கள் அதை மறைக்கவில்லை, தொகுத்தவர்களும் மறைக்கவில்லை. சத்துருவைச் சிநேகிக்கச் சொன்ன கிறிஸ்துவை வைத்துத்தான் கிறிஸ்தவர்கள் அதை அளக்கிறார்கள். எனக்கே அந்த வசனம் தொண்டையில் நிற்கும். யூதாஸின் வயிற்றை விட்டுவிட்டு இதைப் பற்றி உங்கள் அப்பாவிடம் கேட்டிருந்தால் நல்ல பேச்சாக இருந்திருக்கும்.

இன்னொன்று. உங்கள் ஊரிலேயே இதற்கு ஒரு சாட்சி உண்டு. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க், 1715-க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்து முடித்தார். பிறகு பப்ரிசியஸ் வந்தார். 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் புதிய ஏற்பாட்டைத் திரும்பவும் தமிழில் கொண்டுவந்தார். அப்புறம் ஹென்றி பவர் தலைமையிலான குழுவினர். ஒவ்வொருவரும் முன்னவர் எழுதியதைத் திருத்தினார்கள். திருத்திய ஒவ்வொன்றையும் சபை தேவவசனம் என்றே வாசித்தது. எழுத்து மாறினால் வார்த்தை செத்துவிடும் என்று அவர்கள் நினைத்திருந்தால் உங்கள் அப்பா கையில் ஒரு தமிழ்ப் பைபிளே இருந்திருக்காது.

இப்போது உங்கள் மனசாட்சிக்கு வருகிறேன். வேதத்தைத் 'தேவவசனம்' என்று இயேசுவே சொல்லிக் கோபப்பட்ட ஓர் இடம் மாற்கு ஏழாம் அதிகாரத்தில் இருக்கிறது. தகப்பனுக்கும் தாய்க்கும் செய்ய வேண்டிய உதவியை, இது கொர்பான், கடவுளுக்குக் காணிக்கையாகிவிட்டது என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டால் அவன் கடமை தீர்ந்தது என்று சில பெரியவர்கள் சட்டம் பேசினார்கள். அவர்களைப் பார்த்துத்தான், உங்கள் பாரம்பரியத்தினால் தேவவசனத்தை அவமாக்குகிறீர்கள் என்கிறார். வசனம் எங்கே கெட்டுப்போனது என்று கவனியுங்கள். பிரதி எடுத்தவன் கையில் இல்லை, பெற்றவர்களைக் கைவிட்ட இடத்தில். அந்தக் காலத்துப் பிள்ளை ஆலயத்தைக் காட்டினான். நீங்கள் உண்மையைக் காட்டுகிறீர்கள். உங்கள் குரல் உண்மைக்குக் காணிக்கையாகிவிட்டது, அப்பாவுக்குக் கிடையாது. பெயர்தான் வேறு, கொர்பான் அதேதான்.

வேஷம் போடச் சொல்கிறீர்களா என்று கேட்பீர்கள். இல்லை. ஆமென் சொல்ல வேண்டாம். அப்பமும் திராட்சரசமும் வாங்கும் இராப்போஜனத்துக்குப் போக வேண்டாம். சபையில் யார் கேட்டாலும் எனக்கு இப்போது நம்பிக்கை இல்லை என்று நேராகச் சொல்லுங்கள். ஆனால் உங்கள் அப்பா 'நம்பு' என்று கேட்டதாகக் கடிதத்தில் ஒரு இடத்திலும் இல்லை. வாசி என்றுதான் கேட்டிருக்கிறார். எத்தியோப்பிய மந்திரி ஒருவர் ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை உரக்க வாசித்துக்கொண்டு போனார். வாசிப்பதன் கருத்து தெரியுமா என்று சுவிசேஷகர் பிலிப்பு கேட்டதற்கு, ஒருவர் சொல்லாவிட்டால் எனக்கு எப்படித் தெரியும் என்றார். புரியாமல் வாசிப்பவருக்கு அந்தப் புத்தகத்திலேயே இடம் இருக்கிறது.

அப்புறம் அந்த ஆடியோ. எருசலேமில் தண்ணீர் வாசலுக்கு முன் வேதபாரகர் எஸ்றா காலை தொடங்கி மத்தியானம் வரை நின்று வாசிக்க, ஜனங்கள் கேட்டார்கள். ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பதாகவே இந்த வேதம் வெகுகாலம் இருந்தது. ஆகவே ஆடியோவில் தப்பில்லை. ஆனால் 'அந்த வசனத்தை இன்னொரு தடவை வாசி' என்று அவர் சொன்னால் போன் வாசிக்காது. எழுத்தே தெரியாத மனுஷர் அந்தத் திரையில் எங்கே தொட்டுப் பின்னால் தள்ளுவார்? எட்டாவது படிக்கிற பையனுக்கு அது புரிந்திருக்கிறது, அதனால்தான் வருகிறான். மென்பொருள் எழுதுகிற உங்களுக்குப் புரியவில்லை.

சார்வாள் உங்களிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பதும் சரியில்லைதான். ஆனால் எனக்குக் கடிதம் எழுதியது அவர் இல்லை. அவருக்கு 'உண்மையைப் புரியவைப்பது' எப்படி என்று கேட்டீர்கள். காலமெல்லாம் பாடம் நடத்தியவருக்கு நீங்கள் வகுப்பு எடுக்க வேண்டாம். நீங்கள் கேள்வி கேட்டால் அவர் பதில் சொல்லுவார், அது அவர் பழகிய வேலை.

இன்றைக்கு எட்டரைக்கு லேப்டாப்பை மூடிவிட்டுப் போய் உட்காருங்கள். மன்னிப்பு, விளக்கம், பெரிய பேச்சு எதுவும் வேண்டாம். எந்த அதிகாரத்தில் நிறுத்தியிருக்கிறது என்று அந்தப் பையனிடமே கேட்டு அங்கிருந்து தொடருங்கள். கண்ணில் விட வேண்டிய சொட்டு மருந்தை அவருக்கு யார் விடுகிறார்கள் என்றும் பாருங்கள். கண் அழுத்த நோயில் ஒரு வேளையும் தவறக் கூடாது, அதையும் பக்கத்து வீட்டுப் பையன் தலையில் கட்டியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். பையனை நிறுத்திவிடாதீர்கள். ஒரு நாள் அவன், ஒரு நாள் நீங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், அவனுக்குப் பரீட்சை வந்தால் எல்லா நாளும் நீங்கள். நெகேமியா மூன்றாம் அதிகாரம் வந்தால் மட்டும் அவனிடம் தள்ளிவிட வேண்டாம். மதில் கட்டினவர்கள் பெயர் வரிசையாக வரும், நாக்கு சுளுக்கிக்கொள்ளும். அதை நீங்களே வாசியுங்கள், தடுக்குகிற இடத்தில் அப்பா திருத்துவார்.