கைராசியும் காசித்தும்பையும்

அன்புள்ள ஐயா,

தாம்பரத்தில் எங்கள் மொட்டைமாடியில் இரண்டு ஆண்டுகளாகப் பூச்செடி வளர்த்துப் பார்க்கிறேன். எல்லாமே தோல்வி. கடையில் வாங்கிய ஜின்னியா விதையை ஒரு தொட்டியில் தூவினேன். ஐந்தாம் நாளே புல்போல முளைத்தது. பத்து நாளில், மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு நூலாக இளைத்து, அத்தனையும் சாய்ந்துவிட்டன. ஆயுத பூஜை மாலையிலிருந்து செண்டுமல்லி விதை எடுத்துப் போட்டேன். நூறு போட்டதில் எட்டோ ஒன்பதோ வந்தன. பூத்தது மாலையில் இருந்த பூவே இல்லை. ஒற்றை அடுக்கில் ஏதோ காட்டுப்பூ. பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த காசித்தும்பை மட்டும் நன்றாகப் பூத்தது. அதுவும் மூன்று மாதத்தில் மஞ்சளித்துச் செத்துவிட்டது. "உனக்குக் கைராசி இல்லை" என்கிறார் மாமியார். பேசாமல் நர்சரியில் பூத்த செடியாகவே வாங்கி வைத்துவிடட்டுமா?

எம்., தாம்பரம்

அன்புள்ள எம்.,

காசித்தும்பை சாகாமல் இருந்திருந்தால்தான் நீங்கள் கவலைப்பட்டு எனக்குக் கடிதம் எழுதியிருக்க வேண்டும். அது ஒருபருவச் செடி. முளைத்து, பூத்து, காய்த்து, விதையை உதறிவிட்டுப் போவதற்கு அதற்கு வாய்த்தது மூன்று நான்கு மாதம்தான். செடி மஞ்சளித்தபோது தண்டோரத்தில் வெளிர்பச்சை நிறத்தில், மெல்லிய மயிர் போர்த்த காய்கள் தொங்கியிருக்குமே, தொட்டுப் பார்த்தீர்களா? முற்றிய காய் விரல் பட்டதும் வெடித்துச் சுருண்டுகொள்ளும். கடுகைவிடச் சற்றுப் பெரிய பழுப்பு விதைகள் நாலாபுறமும் தெறிக்கும். சிறுவயதில் எங்கள் கொல்லையில் அந்தக் காய்க்காகத்தான் சண்டை போடுவோம். பூவை யாரும் சீந்தியதாக நினைவில்லை. அந்தத் தொட்டி மண்ணைக் கொட்டிவிடாதீர்கள். அடுத்த மழைக்கு அதிலிருந்தே தானாக முளைத்தாலும் முளைக்கும்.

ஜின்னியாவைக் கொன்றது நாற்றழுகல். மண்ணில் வாழும் பூஞ்சைகளின் வேலை அது. அவற்றுக்குத் தேவை ஓயாத ஈரமும் நெருக்கமும். "புல்போல முளைத்தது" என்று நீங்கள் மகிழ்ச்சியோடு எழுதிய இடத்தில்தான் குற்றம் நடந்திருக்கிறது. பாக்கெட்டை அப்படியே கவிழ்த்துவிட்டு, அன்பு மிகுதியால் மாலையிலும் தண்ணீர் தெளித்திருப்பீர்கள். ஒருமுறை சாய்ந்த நாற்றை மீட்க முடியாது. அடுத்த முறை தோட்டத்து மண்ணைத் தவிர்த்து, தேங்காய்நார்க் கழிவையும் மண்புழு உரத்தையும் சரிபாதியாகக் கலந்து, அதில் ஒரு கைப்பிடி டிரைக்கோடெர்மா விரிடி தூளைச் சேருங்கள். உரக்கடைகளில் கிடைக்கும், கெட்ட பூஞ்சையை ஒடுக்கும் நல்ல பூஞ்சை அது. காலையில் மட்டும் தண்ணீர். ஜின்னியாவுக்கு இடம் மாற்றுவது அவ்வளவாகப் பிடிக்காது. ஆகவே வளரப்போகும் தொட்டியிலேயே மூன்று விதைகளை அரை சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றி, திடமான ஒன்றை விட்டுவிட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுங்கள். மனம் வராது. ஆனாலும் கிள்ளத்தான் வேண்டும். முளைத்தவுடன் வெயிலுக்குக் கொண்டுபோய்விடுங்கள். பிஞ்சு என்று நிழலில் வைத்துக் கொஞ்சினால் ஒளியைத் தேடி நெட்டையாக வளர்ந்து துவளும்.

செண்டுமல்லிக்கு வருகிறேன். நாம் ஒரு பூ என்று சொல்வது உண்மையில் ஒரு பூங்கொத்து. இதழ் என்று நினைத்து நாம் பிய்ப்பது ஒவ்வொன்றும் ஒரு தனிப் பூ. அதன் அடியில் கறுப்பாக, ஊசிபோல இருப்பதுதான் விதை. அது செடியிலேயே இருந்து காய்ந்து முற்ற வேண்டும். மாலைக்கோ புத்தம்புதிதாகப் பறித்துவிடுகிறார்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் பிஞ்சு. நூற்றில் எட்டு முளைத்ததே அதிகம்.

பூ மாறிப்போனதற்குக் காரணம் வேறு. சந்தைக்கு வரும் பெரிய பூக்கள் பெரும்பாலும் வீரிய ஒட்டு ரகங்கள். இரண்டு தனித்தனிப் பரம்பரைகளைக் கலந்து எடுத்த முதல் தலைமுறை மட்டும் ஒன்றுபோல, பருத்து, அடுக்கடுக்காகப் பூக்கும். அதன் விதையைப் போட்டால் பேரப்பிள்ளைகள் ஆளுக்கொரு மூதாதையின் முகத்தோடு பிறக்கும். மெண்டல் பட்டாணிச் செடியில் கண்டு 1866இல் அச்சில் வெளியிட்டதை நீங்கள் செலவில்லாமல் தாம்பரம் மாடியில் செய்து காட்டியிருக்கிறீர்கள். விதை எடுத்து வைக்க ஆசை என்றால் ஒட்டு ரகம் அல்லாததாகக் கேட்டு வாங்குங்கள். டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கிய பூசா நாரங்கி கேந்தா ஆரஞ்சு நிறம். பூசா பசந்தி கேந்தா மஞ்சள். இவற்றில் நல்ல செடியின் பூவைக் காயவிட்டு விதை எடுக்கலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தேனீ கலந்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஆடியில் விதைத்தால் நவராத்திரியை ஒட்டிச் செண்டுமல்லி பூக்கும். விதையிலிருந்து பூவுக்கு இரண்டு, இரண்டரை மாதம். அதன் பிறகு உங்கள் ஊரில் வடகிழக்கு மழை பிடித்துக்கொண்டால் அடுக்குப் பூவுக்குள் நீர் தேங்கி அழுகும். பொங்கலுக்குப் பூ வேண்டுமானால் ஐப்பசிக் கடைசியில், கூரைக்கடியில் நாற்று விடுங்கள்.

நர்சரிச் செடி வாங்குவது ஒன்றும் பாவமில்லை, நானும் வாங்குகிறேன். ஆனால் பையில் பூத்து நிற்கும் ஒருபருவச் செடி பாதி ஆயுளை அங்கேயே கழித்துவிட்டு வருகிறது. வீட்டுக்கு வந்து சில வாரங்களில் அது போனால் மறுபடியும் கைராசிப் பேச்சுதான் எழும்.

என் யோசனை, வாடாமல்லியில் தொடங்குங்கள். மத்திய அமெரிக்கப் பக்கத்துச் செடி. நம் புடவைக் கடையில் ஒரு நிறத்துக்கே பெயராகிவிட்டதால் யாரும் வெளியூர்க்காரி என்று நம்பமாட்டார்கள். வெயிலையும் தாங்கும், நீங்கள் தண்ணீர் ஊற்ற மறப்பதையும் தாங்கும். காய்ந்த பூவை உதிர்த்தால் விதை பஞ்சோடு வரும். பஞ்சைப் பிரித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். ஓர் இரவு ஊறவைத்து அப்படியே மெலிதாக மண் மூடி விதையுங்கள். என்னிடம் ஒரு டப்பா நிறைய இருக்கிறது, முகவரி அனுப்பினால் அனுப்பிவைக்கிறேன். முளைக்கப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். அதற்குள் மாமியார் ஏதாவது சொன்னால் பதில் பேசாதீர்கள்.