பேக்கப்பின் இரண்டாவது நகல்: கேள்விகளும் பதில்களும்

பேக்கப் எடுத்ததை இன்னொரு டேப்புக்கோ டிஸ்குக்கோ நகலெடுப்பது, அந்த நகல்களுக்குக் கணக்கு வைப்பது பற்றி நண்பர்கள் கேட்டவை இவை. டேப்புகளைத் தானே மாற்றிப் போடும் டேப் லைப்ரரி இயந்திரங்களோடு பல வருடம் வேலை பார்த்த அனுபவத்தில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: சார், ராத்திரி பேக்கப் டிஸ்குக்குப் போகிறது. டேப்பிலும் ஒன்று வேண்டும் என்கிறார் மேனேஜர். பேக்கப்பையே இரண்டு தடவை ஓட்டிவிடலாமா?

பதில்: வேண்டாம். சர்வருக்கு இரட்டைச் சுமை. அதோடு பத்து மணிக்கு எடுத்ததும் இரண்டு மணிக்கு எடுத்ததும் ஒன்றாக இருக்காது, நடுவில் கோப்புகள் மாறியிருக்கும். டிஸ்கில் ஏற்கெனவே இருக்கும் பேக்கப்பை அப்படியே டேப்புக்கு நகலெடுங்கள். இதை பாக்குலா என்ற பேக்கப் மென்பொருளில் காப்பி ஜாப் என்றும், நெட்பேக்கப் என்ற மென்பொருளில் டூப்ளிகேஷன் என்றும் சொல்வார்கள். சர்வரைத் தொடாது என்பதால் பகலிலேயே ஓட்டலாம். எல்டிஓ என்ற டேப் வகையில் எட்டாம் தலைமுறையான எல்டிஓ-8 டேப் ஒன்று 12 டெராபைட் கொள்ளும். முழு வேகத்தில் எழுதினாலும் நிரம்ப ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதற்குத் தக்கபடி நேரம் ஒதுக்குங்கள்.

கேள்வி: டேப் மேல் பேனாவால் தேதி எழுதி பீரோவில் வைக்கிறேன். போதாதா அண்ணா?

பதில்: போதாது தம்பி. எப்போது எழுதியது என்றுதான் தேதி சொல்லும். பார்கோடு ஒட்டுங்கள்: ஆறு எழுத்து, கடைசியில் டேப்பின் தலைமுறையைக் காட்டும் எல்8 போன்ற குறி. எந்த பேக்கப் எந்த பார்கோடில் இருக்கிறது என்பது மென்பொருளின் கேட்லாகுக்கு, அதாவது அது வைத்திருக்கும் பட்டியலுக்குத் தெரியும். ஆனால் அந்த டேப் எந்த பீரோவில் இருக்கிறது, யார் எடுத்துப் போனார் என்பதை நீங்கள் சொன்னால்தான் உண்டு. அதற்கு ஒரு நீள நோட்டு போதும்: பார்கோடு, உள்ளே இருப்பது, எழுதிய நாள், இருக்கும் இடம், எடுத்தவர் கையெழுத்து, எப்போது வரை அழிக்கக் கூடாது, கடைசியாகப் படித்துப் பார்த்த நாள்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் வருடக் கணக்கு முடித்த பேக்கப்பின் நகலை வங்கி லாக்கரில் வைத்திருந்தோம். எட்டு மாதம் கழித்து அது தேவைப்பட்டது. நோட்டில் 'பெட்டி 4' என்று என் கையெழுத்திலேயே இருந்தது. பெட்டியைத் திறந்தால் அந்த இடம் காலி. மாத டேப்புகளை மாற்றப் போனவர் இதையும் சேர்த்து எடுத்து வந்திருக்கிறார். அசலுக்கு ஏழு வருடம் என்று குறித்த நான், நகலுக்கு மூன்று மாதம் என்று இருந்ததைக் கவனிக்கவில்லை. லைப்ரரியில் ஏறியதும், கெடு முடிந்த டேப் என்று மென்பொருள் அதன் மேலேயே எழுதிவிட்டது. கார்ட்ரிட்ஜ் ஓரத்தில் பூட்டுப் படம் போட்ட விசையைத் தள்ளி வைத்திருந்தால் தப்பியிருக்கும். நகலுக்கான கெடுவைத் தனியாகப் பாருங்கள், அந்த விசையையும் தள்ளுங்கள்.

கேள்வி: அசல் பேக்கப் கெடு முடிந்து போய்விட்டால் நகலும் செல்லாதா?

பதில்: செல்லும். பாக்குலா அந்த நகலையே பேக்கப்பாக உயர்த்திவிடும். நெட்பேக்கப்பிலும் அடுத்த நகல் முதன்மை ஆகிவிடும்.

கேள்வி: ஜாப் முடிந்தது என்று பச்சை காட்டுகிறது. நம்பலாமா?

பதில்: ரீஸ்டோர் செய்து, அதாவது பேக்கப்பிலிருந்து கோப்பைத் திரும்ப எடுத்துப் பார்க்காமல் நம்பாதீர்கள். 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் எழுதுவோரின் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லாப் நிறுவனத்தில் தவறான சர்வரில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார்கள். தினசரி பேக்கப், மென்பொருளின் பதிப்பு வேறுபாட்டால் ஓடாமலே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சலும் வந்து சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்து வைத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் (அந்த நேரத்தில் தரவு இருந்த நிலையின் பதிவு) கை கொடுத்தது. மாதம் ஒரு டேப்பை எடுத்து, நாலு கோப்பை வேறு இடத்தில் ரீஸ்டோர் செய்து, செக்சம் (கோப்பு மாறாமல் இருக்கிறதா என்று காட்டும் எண்) ஒப்பிட்டு, நோட்டில் தேதி போடுங்கள்.

கேள்வி: பழைய எல்டிஓ-6 டேப்புகள் நாற்பது இருக்கின்றன. புது எல்டிஓ-8 டிரைவ் வாங்கினால் படிக்குமா?

பதில்: படிக்காது. எல்டிஓ-7 வரை இரண்டு தலைமுறை பின்னால் படிக்கும். எட்டும் ஒன்பதும் ஒரு தலைமுறைதான் பின்னால் படிக்கும். பழைய டிரைவ் உயிரோடு இருக்கும்போதே நகலெடுத்துவிடுங்கள். தரவைச் சுருக்காமல் எழுதும் கணக்கில் நாலு பழைய டேப் ஒரு புது டேப்பில் அடங்கும். புதியதைப் படித்துச் சரிபார்க்கும் வரை பழையதைத் தூக்கிப் போடாதீர்கள்.

கேள்வி: கேட்லாக் இருக்கும் சர்வரே போய்விட்டால்?

பதில்: டேப்புகளை ஒவ்வொன்றாகப் படித்து கேட்லாகைத் திரும்பக் கட்டலாம், ஆனால் நாள்கணக்கில் ஆகும். நகல் வேலை முடிந்ததும் கடைசியாக கேட்லாகையும் டேப்பில் எடுங்கள், அந்த பார்கோடை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். என்கிரிப்ஷன் போட்டிருந்தால் சாவியை அந்த டேப்புகளோடு ஒரே பெட்டியில் வைக்க வேண்டாம்.

கேள்வி: நான் கல்யாண ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். டேப் டிரைவ் வாங்க வசதியில்லை.

பதில்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில் என்ற விதியைப் பரப்பிய பீட்டர் குரோக் உங்களைப் போல ஒரு புகைப்படக்காரர்தான். கணினியில் ஒன்று, வெளி டிஸ்கில் ஒன்று, கிளவுடில் ஒன்று. இணையம் மெதுவென்றால் கிளவுடுக்குப் பதில் இரண்டாவது டிஸ்கை அக்கா வீட்டில் வையுங்கள். டிஸ்குகளுக்கு எண் போட்டு, எந்தக் கல்யாணம் எந்த எண்ணில் என்று நோட்டில் எழுதுங்கள். மெமரி கார்டை ஃபார்மட் செய்யும் முன் அந்த வரியில் இரண்டு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.