காப்பீட்டு அட்டைக்கு சைக்காலஜிஸ்ட் கிடைப்பாரா? சில கேள்விகள், பதில்கள்

அரசு மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவில் பதினாறு வருடம் சமூகப் பணியாளராக இருந்தேன். அங்கே என் மேசைக்கு முன்னால் வந்து நின்றவர்கள் அதிகம் கேட்டது, "இந்தக் கார்டை வச்சு கவுன்சிலிங் பார்க்க முடியுமா?" என்பதுதான். இங்கே வந்திருக்கும் கேள்விகளும் அதைச் சுற்றியே இருக்கின்றன. எனக்குத் தெரிந்த வரையில் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

மேலூரிலிருந்து ஒருவர்: அக்கா, என் மனைவிக்கு ஏழெட்டு மாதமாகத் தூக்கம் சரியில்லை. திடீர் திடீரென்று அழுகிறாள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருக்கிறோம். அதை ஏற்றுக்கொள்ளும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மதுரையில் யார்? நாலு இடத்தில் கேட்டாயிற்று, எல்லாரும் இல்லை என்கிறார்கள்.

அவர்கள் உங்களை ஏமாற்றவில்லை தம்பி. 2012-ல் தொடங்கி, 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டோடு இணைந்த இந்தத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆனால் அது ஆஸ்பத்திரியில் சேர்த்துச் செய்யும், பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு. வாரம் ஒரு நாள் போய் முக்கால் மணி நேரம் பேசிவிட்டு வீடு திரும்புவது புறநோயாளிக் கணக்கில் வருகிறது. அதற்கு இந்த அட்டையில் பணம் வாங்கத் தனியார் கிளினிக்குக்கு வழியே இல்லை. இன்னும் நாற்பது இடம் ஏறி இறங்கினாலும் இதே பதில்தான் வரும்.

அட்டையே கேட்காத இடம் ஒன்று உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. மதுரை பெரியாஸ்பத்திரிக்கு, அதாவது ராஜாஜி மருத்துவமனைக்குக் காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கி, மனநலப் பிரிவு என்று சொல்லுங்கள். முதலில் மனநல மருத்துவர் பார்ப்பார். தூக்கம், சாப்பாடு, எப்போதிலிருந்து இப்படி, வீட்டில் என்ன நடந்தது என்று கேட்பார். தைராய்டு, ரத்தசோகை இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை எழுதக்கூடும். பெண்களின் சோர்வுக்கும் அழுகைக்கும் அவையும் காரணமாக இருக்கலாம் என்பதால் அதை வீண் அலைச்சல் என்று விட்டுவிடாதீர்கள். அவர் பார்த்து முடிக்கும்போது நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்: "சைக்காலஜிஸ்டிடம் பேசிப் பார்க்கும் சிகிச்சையும் வேண்டும், எழுதித் தருகிறீர்களா?" கூட்டத்துக்கு நடுவில் கேட்காதவர்களுக்கு மாத்திரையோடு முடிந்துவிடுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மதுரை வரை அலைய முடியாவிட்டால் மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. அந்தக் குழு தாலுகா மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் குறிப்பிட்ட நாட்களில் வரும். எந்தக் கிழமை என்று உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் செவிலியரிடம் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

இதை இலவசம்தானே என்று கூச்சப்பட்டு வாங்க வேண்டியதில்லை. 2017-ம் வருட மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 18-வது பிரிவு, அரசு நடத்தும் அல்லது அரசு நிதியில் நடக்கும் இடங்களில் மனநலச் சிகிச்சை பெறுவதை உரிமையாகவே எழுதி வைத்திருக்கிறது.

சேலத்திலிருந்து: மனநல மருத்துவர் வேறு, சைக்காலஜிஸ்ட் வேறா? மாத்திரை வேண்டாம் என்பதால்தான் சைக்காலஜிஸ்டைத் தேடுகிறேன்.

வேறுதான். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மேலே படித்தவர், மருந்து எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் உளவியல் படித்தவர். சோதனைகள் செய்வார், பேச்சு வழியாகச் சிகிச்சை தருவார், மருந்து எழுதமாட்டார். மாத்திரை வேண்டாம் என்று முதல் நாளே முடிவு செய்துகொண்டு போகாதீர்கள். சிலருக்குப் பேச்சு மட்டும் போதும். சிலருக்கு மாத்திரை கொஞ்சம் தூக்கிவிட்ட பிறகுதான் பேச்சே உள்ளே இறங்கும்.

திருப்பூர், பனியன் கம்பெனி: எனக்கு இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். அதில் பார்க்கலாமா? தனியாரிடம் பார்த்துவிட்டு பில் கொடுத்தால் பணம் வருமா?

உங்கள் கையில் இருப்பது காப்பீட்டு அட்டையைவிட இந்த விஷயத்தில் நல்லது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ள தொழிலாளர்களுக்கான காப்பீட்டுத் திட்டம் இது. உங்கள் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். இதில் புறநோயாளி சிகிச்சையும் அடக்கம், உங்களை நம்பியிருக்கும் குடும்பத்துக்கும் சேர்த்து. முதலில் உங்கள் பெயர் பதிவாகியிருக்கும் இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போங்கள். அங்கே சைக்காலஜிஸ்ட் இருக்கமாட்டார். பரிந்துரைச் சீட்டு வாங்கிக்கொண்டு பெரிய இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போக வேண்டும். உங்கள் பக்கத்துக்குக் கோவை சிங்காநல்லூரில் மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. அங்கே வசதி இல்லாத சிகிச்சை என்றால் அவர்களே வெளியே அனுப்புவார்கள்.

சீட்டு இல்லாமல் நீங்களாகத் தனியாரிடம் போய்க் கட்டிய பணத்தைத் திரும்ப வாங்குவது பெரும் பாடு. அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள். வேலைக்கே போக முடியாத நிலை என்றால் விடுப்புக்கால உதவித்தொகையும் கேளுங்கள். போதுமான நாட்கள் சந்தா கட்டியிருந்தால் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். தீவிர மனநோய்கள் சிலவற்றுக்கு அதற்கு மேலும் நீட்டிப்பு உண்டு.

கோவையிலிருந்து: 'மைண்ட் கோச்', 'தெரபிஸ்ட்' என்றெல்லாம் போர்டு வைத்திருக்கிறார்கள். உண்மையான கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தக் கேள்வியை எல்லாரும் கேட்க வேண்டும். என் தங்கை ஐந்து மாதம் ஒருவரிடம் போனாள். ஒரு தடவைக்கு 1,200 ரூபாய். அவருக்கு இருந்தது சில வார இணையப் படிப்புச் சான்றிதழ் என்பது பிறகுதான் தெரிந்தது. போன பணத்தை விடுங்கள், "எனக்கு எதுவுமே பலிக்காது" என்று அவள் நம்ப ஆரம்பித்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இந்தியாவில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாகத் தொழில் செய்ய இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.-யில் பதிவு வேண்டும். இப்போது தொழிலில் இருப்பவர்களில் பெரும்பாலோர் முதுகலை முடித்து, மருத்துவமனைப் பயிற்சியோடு இரண்டு வருட எம்.ஃபில். படித்தவர்கள். அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே பதிவு எண்ணைக் கேளுங்கள். கவுன்சிலின் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடிப் பார்க்கலாம். ஒழுங்காகப் படித்தவர் இந்தக் கேள்விக்குக் கோபப்படமாட்டார். பதிவில்லாத ஆலோசகர்களில் நல்லவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு வைக்கக் கூடாது.

நாகர்கோவில், ஒரு அம்மா: என் மகன் ஆறாம் வகுப்பு. எழுத்து எல்லாம் மாறி மாறி வருகிறது. பள்ளியில் டெஸ்ட் எடுத்து வரச் சொல்கிறார்கள், தனியாரில் ஐயாயிரம் கேட்கிறார்கள்.

அந்தப் பணத்தைக் கட்டும் முன் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஒரு தடவை போய் வாருங்கள் அம்மா. 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்காக மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் நடக்கின்றன. குழந்தைகள் பிரிவிலோ மனநலப் பிரிவிலோ கேட்டால் வழி சொல்வார்கள். இன்னொரு காரணமும் உண்டு. கற்றல் குறைபாடு 2016-ம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் வருகிறது. பின்னால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகை கேட்கும்போது அரசு மருத்துவமனைச் சான்றுதான் கைகொடுக்கும். பையனின் பழைய நோட்டு இரண்டு மூன்றையும் எடுத்துப் போங்கள். எந்த டெஸ்டுக்கும் சமமாக அவை பேசும்.

சென்னையிலிருந்து: தனியார் மெடிக்கல் இன்சூரன்ஸ் இருக்கிறது. அண்ணனை மனநலக் காரணத்துக்காக அட்மிட் செய்ததற்கு க்ளெய்ம் மறுத்துவிட்டார்கள்.

மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். உடல் நோய்க்கு என்ன அடிப்படையோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று அந்த 2017 சட்டத்தின் 21(4) பிரிவு சொல்கிறது. 2021-ல் டில்லி உயர் நீதிமன்றம் இதே பிரிவைச் சுட்டி, மறுத்த நிறுவனத்தைப் பணம் கொடுக்கச் சொன்னது. முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது திருப்தி இல்லை என்றால் காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னையில் அலுவலகம் இருக்கிறது, கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. டிஸ்சார்ஜுக்குப் பிறகு சைக்காலஜிஸ்டிடம் போகும் செலவு தனிக் கதை. உங்கள் பாலிசியில் புறநோயாளிச் செலவு உண்டா என்று பார்த்தால்தான் தெரியும்.

பெயர் வேண்டாம்: போன மாதம் தம்பி உயிரை விட முயன்று பிழைத்துவிட்டான். அரசு ஆஸ்பத்திரிக்கு மனநல சிகிச்சைக்குக் கூட்டிப்போனால் கேஸ் போடுவார்களா?

பயப்படாமல் கூட்டிப்போங்கள், இந்த வாரமே. கடும் மன அழுத்தத்தில் செய்தது என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு சொல்கிறது. அப்படிப்பட்டவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றும் அதே பிரிவில் இருக்கிறது. தற்கொலை முயற்சிக்குத் தண்டனை சொன்ன பழைய தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவு, 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் இல்லை. இரவில் மனசு கேட்கவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண் 14416. எந்த நேரமும் தமிழில் பேசலாம், இலவசம். நிலைமை கைமீறுகிறது என்று பட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள். அதுவரை அவனைத் தனியாக விடாதீர்கள். நீங்களும் தூங்குங்கள், வீட்டில் முறை வைத்துக்கொள்ளுங்கள்.

சிவகங்கைப் பக்கம்: அரசு மருத்துவமனைக்குப் போனேன். பத்தே நிமிடம்தான் பேசினார். இது சிகிச்சையா?

உங்கள் குறை நியாயமானது. வெளியே அத்தனை பேர் காத்திருக்க, ஒரே ஒரு சைக்காலஜிஸ்ட் என்ன செய்வார்? அவரும் அதே வருத்தத்தோடுதான் வீட்டுக்குப் போகிறார், அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். முதல் நாள் பதிவோடு முடிந்துவிடுவது உண்டு. "கூட்டம் குறைவான நாள் எது, அரை மணி நேரம் கிடைக்குமா?" என்று அவரிடமே கேட்டு நேரம் குறித்துக்கொள்ளுங்கள். போகும் முன் ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள்: போன தடவைக்குப் பிறகு என்ன ஆனது, இன்று எதைப் பேசியே ஆக வேண்டும். இரண்டு மூன்று முறைக்குப் பிறகும் இதே கதை என்றால் மதுரைக்கு மாற்றி எழுதித் தரச் சொல்லுங்கள்.

மேலூர்க்காரர் மறுபடியும்: புதன்கிழமை போகிறோம் அக்கா. "எனக்கென்ன பைத்தியமா?" என்கிறாள். பிரஷர் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிக் கூட்டிப்போகட்டுமா?

வேண்டாம் தம்பி. கதவில் போர்டைப் பார்த்ததும் தெரிந்துவிடும், அப்புறம் அடுத்த தடவை வரவேமாட்டாள். "எட்டு மாதமாக நீ தூங்கவில்லை, எனக்குப் பார்க்கத் தாங்கவில்லை, தூக்கத்துக்காகக் கேட்டுப் பார்ப்போம்" என்று உள்ளதையே சொல்லுங்கள். அன்றைக்கு நீங்களும் லீவு போடுங்கள். மதியம் ஆகிவிடும், சாப்பாடு கட்டிக்கொள்ளுங்கள். உள்ளே அவளைத் தனியாகப் பேசவிட்டு வெளியில் இருக்கச் சொன்னால் இருங்கள். வெளியே வந்ததும் என்ன கேட்டார்கள் என்று துருவாதீர்கள். அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். புதன் மாலை முடிந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.