அப்பாவிடம் யார் சொல்வது?

அன்புள்ள ஐயா,

என் அப்பா ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், 71 வயது. கணையத்தில் புற்றுநோய், நான்காம் நிலை என்று போன மாதம் தெரிந்தது. டாக்டர் அப்பாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு எங்களிடம் மட்டும் சொன்னார். குடல்புண் என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறோம். ஃபைல் அட்டையில் ‘புற்றுநோய்ப் பிரிவு’ என்று இருந்த இடத்தில் பழுப்புத்தாள் ஒட்டியிருக்கிறோம். தெரிந்தால் மனசு விட்டுவிடுவார் என்கிறார் அண்ணன். முந்தாநாள் ராத்திரி, அம்மா தூங்கிய பிறகு, “ரிப்போர்ட்ல என்னம்மா போட்டிருக்கு?” என்று அப்பா கேட்டார். “ஒண்ணுமில்லப்பா” என்றேன். நாங்கள் செய்வது சரியா? (பெயர் வேண்டாம்.)

அன்புள்ள சகோதரிக்கு,

சரியில்லை என்றே நினைக்கிறேன். உங்கள் அப்பா அம்மாவிடமோ அண்ணனிடமோ கேட்கவில்லை. எல்லோரும் தூங்கும்வரை காத்திருந்து உங்களிடம் கேட்டிருக்கிறார். தெரிந்துகொள்ள விரும்பாத மனிதர் அப்படிக் கேட்க மாட்டார். உடம்பு இளைப்பதும், வீட்டில் எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசுவதும் அவர் கண்ணில் படாமலா இருக்கும்? பாதி தெரிந்துகொண்டு, அதைப் பேச ஆளில்லாமல் படுத்திருக்கிறார்.

அண்ணனின் பயத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஒருகாலத்தில் டாக்டர்களுக்கே அந்தப் பயம் இருந்தது. 1961இல் சிகாகோவின் ஒரு மருத்துவமனையில் டொனால்ட் ஓகன் என்பவர் கேட்டபோது, புற்றுநோய் என்று நோயாளியிடம் சொல்வதில்லை என்றே சுமார் 90 சதவீத டாக்டர்கள் சொன்னார்கள். 1979இல் அமெரிக்காவிலேயே ராச்செஸ்டர் நகரில் அதே கேள்விகளுக்கு, சொல்லிவிடுவோம் என்றவர்கள் 97 சதவீதம். அந்த 18 வருடத்தில் நோயாளிகளின் மனசு இரும்பாகிவிடவில்லை. மாறியது டாக்டர்களின் பழக்கம்.

நம் ஊரில் டாக்டர் முதலில் குடும்பத்தைக் கூப்பிடுகிறார், குடும்பம் ‘அவர்கிட்ட சொல்லாதீங்க’ என்கிறது, கதவு சாத்தப்படுகிறது. 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள், நோயின் தீவிரத்தைக் கூட்டியோ குறைத்தோ காட்டக் கூடாது என்கின்றன. ஆனால் யாருக்குத் தெரிய வேண்டும் என்று வரும்போது நோயாளி, உறவினர், பொறுப்பான நண்பர் என்று சேர்த்தே சொல்லிவிடுகின்றன. 2018இல் உச்ச நீதிமன்றம், கடைசிக் காலத்தில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை ஏற்றது. குடல்புண் என்று நம்பிக்கொண்டிருப்பவர் அதை எப்படி எழுதுவார்?

வலி இன்னும் அவசரமான விஷயம். கணையப் புற்றுநோய் வயிற்றிலிருந்து முதுகுக்குப் பாயும் வலியைத் தரலாம். அதற்கு மார்ஃபின் தேவைப்படலாம். குடல்புண்ணுக்கு எதற்கு இவ்வளவு பெரிய மருந்து என்று அவர் கேட்பார், அல்லது கேட்காமலே மாத்திரையை ஒதுக்கிவைப்பார். வலி தணிப்புச் சிகிச்சையைக் கடைசி நாட்களுக்கென்று ஒத்திப்போட வேண்டாம், இப்போதே அந்தப் பிரிவு டாக்டரைப் பாருங்கள்.

அதற்காகப் போய் ஒரே மூச்சில் கொட்டிவிடாதீர்கள். அடுத்த முறை அப்பாவும் உள்ளே உட்காரட்டும். டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: உங்களுக்கு என்னவென்று நினைக்கிறீர்கள், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று அவர் முதலில் கேட்க வேண்டும். “எனக்கு வேண்டாம், பிள்ளைங்ககிட்ட சொல்லுங்க” என்று அப்பா சொன்னால் அதுவும் அவர் உரிமை, அதோடு விட்டுவிடலாம். விட்டுவிடுவது அவர் முடிவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ‘இத்தனை மாதம்’ என்ற கணக்கை அவராகக் கேட்டால் ஒழிய யாரும் எடுக்க வேண்டாம். டாக்டர்களின் அந்தக் கணிப்பே பல நேரம் தவறிப்போகிறது.

அதற்குள் உங்களிடம் மறுபடி கேட்டால், “புண் மட்டும் இல்லப்பா. டாக்டரையே கேட்போம், நான் கூட இருக்கேன்” என்று சொல்லுங்கள். பொய்யும் இல்லை, ஒரேயடியாகத் தலையில் போட்டதும் இல்லை.

அண்ணனிடம் முதலில் பேசுங்கள். சொல்லும் பாரம் அவர் மேல் இல்லை, டாக்டர் சொல்வார், அப்பா பக்கத்தில் உட்கார்ந்தால் போதும் என்று சொல்லுங்கள். இறங்கிவருவார் என்று நம்புகிறேன். வராவிட்டாலும் அதற்காக வாரக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். இந்த நோய் அவ்வளவு அவகாசம் தருவதில்லை.