கும்பகோணம் பக்கம் இருந்துகொண்டு கம்பளி மஃப்ளர் நெய்து, அதைத் துவைத்தே கெட்டியாக்க முடியுமா?

தாராளமாக முடியும். எங்கள் வீடு திருபுவனத்தில், பட்டுத்தறிச் சத்தத்துக்கு நடுவில். நான் மட்டும் ஒரு சின்ன மேசைத் தறியில் கம்பளி நெய்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் நூல். ஃபேன்சி ஸ்டோரில் ‘உல்லன்’ என்று கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக். அதை எவ்வளவு பிசைந்தாலும் கெட்டியாகாது. ஒரு துண்டைக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. உருகிக் கெட்டி மணியாக நின்றால் அக்ரிலிக். நிஜக் கம்பளியிலும் ‘சூப்பர்வாஷ்’ என்று போட்டிருப்பது வேண்டாம். சுருங்கக்கூடாது என்பதற்காகவே பதப்படுத்திய நூல் அது.

கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு, எல்லாம் நுனியைப் பார்த்து. ஈரமும் சூடும் சேர்ந்து அசைக்கும்போது இழை வேர்ப்பக்கமாக மட்டும் நகரும், திரும்பி வராது. அப்படியே ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். பட்டில் செதில் இல்லாததால் இந்த வேலை அதில் நடக்காது.

இழை நகர இடம் வேண்டுமே. அதனால் விஷயமே தறியில்தான் முடிவாகிறது. நூலை ஸ்கேலில் ஒரு அங்குலத்துக்கு நெருக்கமாகச் சுற்றி எண்ணுங்கள். 16 சுற்று வந்தால், சாதா நெசவுக்குப் பாவு (நீளவாட்டு இழை) அதில் பாதி, அங்குலத்துக்கு 8 இழை. கெட்டியாக்கப் போகிற துணிக்கு நான் 6 வைப்பேன். ஊடையை (குறுக்கு இழையை) ஓங்கி அடிக்காமல், தறியில் சீப்பு மாதிரி இருக்கும் அச்சால் தள்ளி நிறுத்தினால் போதும். தறியிலிருந்து எடுத்ததும் விரல் நுழைகிற மாதிரி இருக்கும். பட்டு நெய்யும் என் பெரியப்பா அதைத் தூக்கிப் பார்த்து, “இவ்வளவு எடம் விட்டா துணி நிக்காதும்மா” என்றார். துவைத்துக் காய்ந்ததைக் கையில் கொடுத்தபோது வெகுநேரம் இழுத்து இழுத்துப் பார்த்தார்.

எடுத்த எடுப்பில் மஃப்ளர் நெய்யாதீர்கள். கையகலத் துண்டு ஒன்று நெய்து, கலர் பருத்தி நூலால் 10 செ.மீ. சதுரம் தைத்துவிட்டுத் துவையுங்கள். அது 8 செ.மீ. அளவுக்குச் சுருங்கினால், 20 செ.மீ. அகல மஃப்ளருக்குத் தறியில் 25 வேண்டும். நீளவாட்டில் சுருக்கம் வேறாக இருக்கும், தனியாக அளந்து பாருங்கள்.

துவைக்க, கை தாங்குகிற சூட்டில் தண்ணீர், கொஞ்சம் சோப்பு. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் நுரை வராது, சோப்பு திரிந்து துணியில் படியும். நான் மழைத்தண்ணீர்தான் எடுப்பேன், ஆர்.ஓ. தண்ணீரும் சரி. பிளீச் பக்கமே போகாதீர்கள், கம்பளி கரைந்துவிடும். சப்பாத்தி மாவு மாதிரி அழுத்திப் பிசையுங்கள். அடிக்கடி பிரித்து உதறுங்கள், இல்லாவிட்டால் மடிப்பு மடிப்பாக ஒட்டிக்கொள்ளும். ஓட்டைகள் மூடி, நெசவுக் கட்டம் இன்னும் லேசாகத் தெரியும்போதே நிறுத்திவிடுங்கள். அதைத் தாண்டினால் அட்டையாகும், பழையபடி ஆக்க வழியே இல்லை.

அப்புறம் அலசி, துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி எடுத்து, தட்டையாக நிழலில் போடுங்கள். மார்கழிப் பனிக்குத் தேவையென்றால் புரட்டாசியிலேயே துவைத்து முடித்துவிடுவது நல்லது. ஐப்பசி அடைமழையில் கெட்டிக் கம்பளி காயவே காயாது, நாற்றம் பிடித்துவிடும்.